ஒரு டிஷ், மூன்று மாடி: சுவருக்குள் கிடக்கும் பழைய கேபிளில் டிடிஎச் ஓடுமா?

வட சென்னையின் பழைய வீடுகள் பலவும் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தரைத்தளம் தாத்தா காலத்தில் எழும்பியிருக்கும்; முதல் மாடி பிள்ளைகளின் கல்யாணத்தையொட்டி வந்திருக்கும்; அதற்கு மேலுள்ளது வாடகைக்கென்று பின்னாளில் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தளம் எழும்பியபோதும் அந்தந்தக் காலத்துக் கேபிள் டிவி இணைப்புக்காகச் சுவருக்குள் பைப் பதித்து, அதில் ஒரு கோஆக்சியல் கேபிளை விட்டு, கூடத்தில் ஒரு டிவி பாயின்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். இப்போது அதே குடும்பம் டிடிஎச்சுக்கு மாறும்போது, மொட்டைமாடியில் ஒரு டிஷ் மட்டும் வைத்து, சுவருக்குள் ஏற்கெனவே கிடக்கும் கேபிளைக் கொண்டே மூன்று தளங்களின் டிவிகளுக்கும் இணைப்புக் கொடுத்துவிட முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. முடியும் என்பவர்களும் உண்டு, சுவரை உடைத்தே ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டில் எது சரி என்பது நாம் பங்கிடப்போவது என்ன என்பதைப் பொறுத்தது: வானிலிருந்து டிஷ் பிடிக்கும் சிக்னலையா, செட்டாப் பாக்ஸிலிருந்து வெளிவரும் படத்தையா? இதைத் தீர்மானிக்காமல் கடைக்குச் சென்று ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வாங்குவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

ஒரே கேபிளைப் பிரித்துப் பல டிவிகளுக்குக் கொடுக்கலாம் என்ற பழக்கம் அனலாக் கேபிள் டிவிக் காலத்தில் உருவானது. கேபிள் டிவியின் சிக்னல் ஏறத்தாழ 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் எல்லாச் சேனல்களையும் ஒருசேரச் சுமந்து வருகிறது. எந்தச் சேனல் வேண்டும் என்பதை டிவி தனக்குள்ளேயே தேர்ந்துகொள்கிறது. கேபிளின் மறுமுனைக்கு அது எதையும் சொல்வதில்லை. வீட்டுக் குடிநீர்க் குழாயில் எந்தத் திருகைத் திறந்தாலும் அதே நீர் வருவதுபோல, எத்தனை டிவிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் எல்லாச் சேனல்களும் போய்ச் சேரும். பிரிக்கப் பிரிக்க வலு குறையுமே தவிர வேறு சிக்கல் இல்லை. 2003 செப்டம்பர் 1 அன்று, கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் நடைமுறைக்கு வந்தது. பின்னர் முழு டிஜிட்டல் மயமானபோது ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி என்பது வழக்கமாயிற்று. ஆனாலும் பெட்டிக்கு முன்னால் வரும் கேபிளைப் பிரிப்பது கேபிள் டிவியில் இன்றும் செல்லும். அதே நம்பிக்கையை டிடிஎச்சுக்குக் கொண்டுபோகும்போதுதான் அது பொய்க்கிறது.

ஏன் பொய்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள டிஷ்ஷின் முனையில் இருக்கும், சிக்னலை வாங்கிக் கேபிளில் இறக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். டிடிஎச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயு பேண்டில் ஒளிபரப்புகின்றன. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைச் சாதாரணக் கேபிளில் இறக்கினால் சில மீட்டர்களிலேயே அது தேய்ந்துவிடும். ஆகவே எல்.என்.பி. அதைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் தாழ்த்தி அனுப்புகிறது. இந்த எல்லைக்குள் செயற்கைக்கோள் அனுப்பும் அனைத்தும் ஒரே நேரத்தில் அடங்காது. செயற்கைக்கோள் அதே அதிர்வெண்ணைச் செங்குத்து, கிடைமட்டம் என்னும் இரு துருவங்களில், அதாவது அலை அதிரும் இரு திசைகளில், இருமுறை பயன்படுத்துகிறது. போதாதற்குக் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என அலைவரிசையும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்த நான்கில் எது வேண்டும் என்பதைச் செட்டாப் பாக்ஸ்தான் அதே கேபிளின் வழியாக எல்.என்.பி.க்கு ஆணையிடுகிறது. 13 வோல்ட் மின்சாரம் அனுப்பினால் செங்குத்துத் துருவம், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டத் துருவம். அதன்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றைச் சேர்த்தால் மேல்பகுதி, சேர்க்காவிட்டால் கீழ்ப்பகுதி. எல்.என்.பி. இயங்குவதற்கான மின்சாரமும் இதே வோல்ட்டேஜிலிருந்துதான் கிடைக்கிறது.

ஆகவே டிடிஎச் கேபிள் படத்தைக் கொண்டுவரும் பாதை மட்டுமன்று. பெட்டியின் கட்டளை மேலே ஏறும் பாதையும் அதுதான். ஒற்றை வெளியீடு கொண்ட எல்.என்.பி.யிலிருந்து வரும் கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்து இரண்டு பெட்டிகளில் சொருகினால், தரைத்தளத்தில் ஒருவர் பார்க்கும் சேனலுக்கு 13 வோல்ட் தேவைப்பட, மேல்தளத்துப் பெட்டி 18 வோல்ட் அனுப்பினால், உயர்ந்த வோல்ட்டேஜே வெல்லும். கீழே படம் மறைந்து ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வரும். மேலே சேனலை மாற்றியதும் கீழே தானாகவே படம் திரும்பிவிடும். இதைக் கண்டவர்கள் பெட்டி பழுதென்றும் கேபிள் பழுதென்றும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் எதுவும் பழுதாகியிருக்காது, இரண்டு பெட்டிகளும் ஒரே எல்.என்.பி.க்கு முரணான ஆணைகளை இட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். கேபிள் டிவிக்கான ஸ்பிளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்துமாறு செய்யப்பட்டது என்பதும், அதில் பல வகைகள் மேல்நோக்கிச் செல்லும் மின்சாரத்தையே தடுத்துவிடும் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு சேவையின் எல்லாச் சேனல்களும் ஒரே துருவத்தில், ஒரே பகுதியில் அமைந்திருந்தால் பெட்டிகள் முரண்பட வழியில்லை. அங்கே 2400 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்தக்கூடிய, ஒரு முனையில் மட்டும் மின்சாரத்தை மேலே விடும் சாட்டிலைட் ஸ்பிளிட்டர் போதும். மின்சாரம் அனுப்பும் அந்தப் பெட்டி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெட்டியின் மெனுவில் ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டருக்கும் (சேனல்களைத் தொகுதியாக அனுப்பும் செயற்கைக்கோள் ஒளிபரப்பிக்கும்) துருவம் குறிக்கப்பட்டிருந்தால், அதைப் பார்த்து இந்த எளிய வழி தமக்குப் பொருந்துமா என்று எவரும் அறிந்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்கு முறையான வழி, எல்.என்.பி.யிலேயே வெளியீடுகளைக் கூட்டுவது. இரட்டை வெளியீட்டு எல்.என்.பி.யும் நான்கு வெளியீட்டுக் குவாட் எல்.என்.பி.யும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனித் தேர்வியைத் தம்முள் கொண்டவை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனிக் கேபிள் நேராக டிஷ்ஷிலிருந்து வந்தால் ஒருவர் மாற்றும் சேனல் மற்றவரைத் தொடாது. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கும்போது குவாட், குவாட்ரோ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். குவாட்ரோவிலும் நான்கு வெளியீடுகள் உண்டு. ஆனால் அவை நான்கு துருவ-பகுதிச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக நிலையாகத் தருபவை, ஒவ்வொரு பெட்டியும் கேட்பதை இந்த நான்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மல்டிஸ்விட்ச் என்ற கருவியோடு மட்டுமே சேர வேண்டியவை. அதை நேராகப் பெட்டியில் சொருகினால் கால்பங்குச் சேனல்களே வரும். நான்கு பெட்டிகளுக்கு மேல் தேவைப்படும் வீட்டுக்கு, மாடிப்படியின் உச்சியில் மழை படாத இடத்தில் மல்டிஸ்விட்ச்சைப் பொருத்துவதே நல்லது.

இங்கேதான் சுவருக்குள் கிடக்கும் கேபிளின் அமைப்பு கேள்விக்கு வருகிறது. ஒவ்வொரு தளத்தின் கேபிளும் மாடிப்படி உச்சிக்கோ மொட்டைமாடிக்கோ தனித்தனியாக வந்து சேர்ந்திருந்தால், அந்தக் குடும்பம் பாதிக் கிணறு தாண்டிவிட்டது: பழைய ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு அதே முனைகளைக் குவாட் எல்.என்.பி.யிலோ மல்டிஸ்விட்ச்சிலோ இணைத்தால் போதும். மாறாக, மேல்தளத்து டிவி பாயின்ட்டிலிருந்து கீழ்த்தளத்து பாயின்ட்டுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலித் தொடராக ஓடியிருந்தால் குவாட் எல்.என்.பி. உதவாது. ஒற்றைக் கேபிளில் பல பெட்டிகளை இயக்க யூனிகேபிள் என்றொரு முறை உள்ளது. 2007இல் ஐரோப்பியத் தரநிலையாக வகுக்கப்பட்ட இதன் முதல் வடிவம் எட்டுப் பெட்டிகள் வரையிலும், அடுத்த வடிவம் 32 பெட்டிகள் வரையிலும் ஏற்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் கேபிளுக்குள் தனக்கென ஓர் அதிர்வெண் ஒதுக்கப்பட்டிருக்கும். பெட்டி தான் விரும்பும் டிரான்ஸ்பாண்டரை ஒரு சிறு கட்டளையால் கேட்க, எல்.என்.பி. அதை அந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்பும். பழைய கேபிளை உடைக்காமல் பயன்படுத்த இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் டிடிஎச் நிறுவனம் தரும் பெட்டியின் அமைப்பு மெனுவில் அந்தத் தேர்வு இருந்தாக வேண்டும். அதைப் பார்த்து உறுதிசெய்யாமல் எல்.என்.பி. வாங்கினால் பணம் வீண்.

ஒரு தளத்துக்கு ஒரே கேபிள்தான் இருக்கிறது, அதில் கேபிள் டிவியும் தொடர வேண்டும், டிடிஎச்சும் வேண்டும் என்றால் டைபிளெக்ஸர் இருக்கிறது. கேபிள் டிவி 862 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, டிடிஎச் 950இல் தொடங்குகிறது. இரண்டையும் மேலே ஒரு டைபிளெக்ஸரால் சேர்த்துக் கீழே இன்னொன்றால் பிரித்துக்கொள்ளலாம். மலிவான பொருள், நம்பகமானது, இங்கே போதிய அளவு பயன்படுத்தப்படாதது.

பழைய கேபிள் இந்த வேலையைத் தாங்குமா என்ற ஐயத்துக்கு எண்களைக் கொண்டு பதில் காண்பது நல்லது. இன்று வழக்கிலிருக்கும் ஆர்.ஜி. 6 கேபிள், டிடிஎச்சின் மேல் எல்லையான 2150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 33 டெசிபெல் (சிக்னல் வலுவின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) வரை சிக்னலை இழக்கும். பழைய வீடுகளில் காணப்படும் மெல்லிய ஆர்.ஜி. 59 ஏறத்தாழ 40 டெசிபெல் இழக்கும். கேட்பதற்குப் பெரிய வேறுபாடுதான். ஆனால் மூன்றடுக்கு வீட்டில் மொட்டைமாடியிலிருந்து தரைத்தளக் கூடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னது ஆறரை டெசிபெல், பின்னது எட்டு டெசிபெல், வேறுபாடு ஒன்றரைதான். எல்.என்.பி. ஐம்பது டெசிபெல்லுக்கும் மேல் பெருக்கித் தருவதாலும், பெட்டி மிகப் பரந்த வலு எல்லைக்குள் வேலை செய்வதாலும், இந்த இழப்பு உணரப்படுவதே இல்லை. எனவே ஆர்.ஜி. 59 என்ற ஒரே காரணத்துக்காகச் சுவரை உடைக்கச் சொல்வது சரியான அறிவுரை அன்று என்பது என் உறுதியான கருத்து.

கெடுதல் வருவது கேபிளின் நீளத்தால் அன்று, அதன் முனைகளாலும் இணைப்புகளாலும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்காற்றின் உப்பு மொட்டைமாடி இணைப்புகளை விரைவில் அரிக்கிறது. திறந்து கிடக்கும் எஃப் கனெக்டரின் (கேபிள் முனையில் திருகி மாட்டும் இணைப்பின்) உள்ளே பச்சை படிந்து, அங்கே மின்தடை சேர்ந்துவிடும். கேபிள் டிவிக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் அதில் மின்சாரம் மேலே ஏறுவதில்லை. டிடிஎச்சில் பெட்டி அனுப்பும் 18 வோல்ட் அந்த அரிப்பைத் தாண்டும்போது 15 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், எல்.என்.பி. அதை 13 வோல்ட் என்றே எடுத்துக்கொள்ளும். சேனல்களில் ஒரு பாதி தெளிவாக வந்து, மறுபாதி அறவே வராமல் போவதன் காரணங்களில் இது முதன்மையானது. இதற்கு மருந்து புதிய கனெக்டரும் அதன்மேல் சுற்றப்படும் நீர் புகாத ரப்பர் டேப்பும்தான். செம்பு பூசிய இரும்புக் கம்பி கொண்ட மலிவான கேபிளில், பூச்சு அரிக்கப்பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிப்பதால், இது மேலும் விரைவாக நிகழும்.

சுவரில் பதித்த பழைய டிவி பாயின்ட்டும் ஒரு தடை. அதன் உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர் கேபிள் டிவி சிக்னலை விட்டு மின்சாரத்தைத் தடுக்கும். அதை எடுத்துவிட்டு நேரடி எஃப் சாக்கெட்டைப் பொருத்தாமல் டிடிஎச் இயங்காது. பரணின் பின்னாலோ கண்ணுக்குப் படாத ஜங்ஷன் பெட்டியிலோ யாரோ எப்போதோ வைத்த ஸ்பிளிட்டரும் இதே வேலையைச் செய்யும். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பெட்டியையும் ஒரு சிறிய டிவியையும் மொட்டைமாடிக்கே கொண்டுபோய், டிஷ்ஷோடு ஒரு முழம் கேபிளில் இணைத்து, மெனுவில் காட்டப்படும் வலு, தரம் என்ற இரு அளவுகளையும் குறித்துக்கொண்டு, பின்பு கூடத்தில் பழைய கேபிளின் முனையில் அதே அளவுகளைப் பார்த்தால் போதும். வலு குறைந்து தரம் அப்படியே இருந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று பொருள். தரமும் சேர்ந்து சரிந்தால் வழியில் எங்கோ ஒரு கெட்ட இணைப்பு உண்டு. குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் உடைந்தால், அருகிலுள்ள மொபைல் டவரைச் சந்தேகிக்கலாம்: மொபைல் சேவைகள் புழங்கும் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் டிடிஎச் கேபிளின் எல்லைக்குள்ளேயே விழுகின்றன, உறை மெல்லிய பழைய கேபிள் அவற்றை உள்ளே விட்டுவிடும். ஆர்.ஜி. 59ஐ மாற்றியே ஆக வேண்டிய உண்மையான காரணம் இது ஒன்றே.

மழைக்காலத்தில் படம் போவதை ஸ்பிளிட்டரின் மேலும் பழைய கேபிளின் மேலும் போடுவது வழக்கம். கனமழை கேயு பேண்ட் அலைகளை டிஷ்ஷை அடையும் முன்னரே உறிஞ்சுகிறது, எல்.என்.பி.க்குப் பின்னால் நிகழும் மிதமான இழப்பு அதைக் கூட்டுவதில்லை. ஐப்பசி மழையில் கூடுதல் நேரம் தாங்க வேண்டுமென்றால் டிஷ்ஷைத் துல்லியமாகத் திருப்புவதும் சற்றுப் பெரிய டிஷ் வைப்பதும்தான் பயன் தரும். இந்த வகையில் சென்னைக்கு ஒரு வசதி உண்டு. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. சென்னையிலிருந்து அது தென்கிழக்கே, தொடுவானிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. இந்தச் செங்குத்தான கோணத்தால், பத்தடி தள்ளி நிற்கும் பக்கத்து வீட்டுச் சுவர் டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 25 அடியாவது உயர்ந்திருந்தால்தான் வழியை மறைக்கும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியின் நெருக்கமான சந்துகளில்கூட ஒரு டிஷ்ஷுக்கு இடம் கிடைப்பது இதனால்தான். எனவே மாடிக்கு ஒன்றாக மூன்று டிஷ்களை வரிசையாக நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

இனி இரண்டாவது வழி: பெட்டியின் படத்தைப் பங்கிடுவது. பெட்டியின் வெளியீட்டை மாடுலேட்டர் என்ற கருவியில் கொடுத்தால் அது அந்தப் படத்தை ஒரு டிவி சேனலாக மாற்றிக் கேபிளில் ஏற்றும். அந்த நொடியிலிருந்து அது கேபிள் டிவி சிக்னலைப் போன்றதே. பழைய ஸ்பிளிட்டர், பழைய ஆர்.ஜி. 59, பழைய டிவி பாயின்ட், சங்கிலித் தொடர் எல்லாமே அதற்குப் பொருந்தும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, எல்லா டிவிகளிலும் ஒரே சேனல்தான் ஓடும் என்பது. படுக்கையிலிருக்கும் பாட்டியின் அறைக்கும் கூடத்துக்கும் ஒரே தொடர் போதும் என்ற வீட்டில் இது நல்ல தீர்வு. பாடம் படிக்கும் பிள்ளையும் கிரிக்கெட் பார்க்கும் சித்தப்பாவும் உள்ள வீட்டில் நிலைக்காது. பெட்டியின் மூன்று நிற ஏவி வெளியீட்டைப் பயன்படுத்தினால் படம் பழைய தரத்தில் இருக்கும். எச்டிஎம்ஐ வெளியீட்டில் நகல் தடுப்புப் பூட்டு உள்ளதால் பல மாடுலேட்டர்கள் அதை ஏற்க மறுக்கும். மின்கம்பி வழியாகவோ இன்டர்நெட் கேபிள் வழியாகவோ படத்தை அனுப்பும் கருவிகளும் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் தனி மீட்டர் உள்ள வீட்டில் மின்கம்பி வழி நம்பத்தக்கதன்று. இன்டர்நெட் கேபிள் ஏற்கெனவே ஓடியிருந்தால் அது நல்ல வழி.

எந்த வழியானாலும் மின்சாரப் பாதுகாப்பைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. இரண்டு முனை பிளக் உள்ள பெட்டிகளிலும் டிவிகளிலும் கேபிளின் வெளியுறையில் மிகச் சிறிய மின்கசிவு இருப்பது இயல்பு. தொட்டால் விரல் சுரீர் என்பது அதனால்தான். மூன்று தளங்களின் கேபிள்களும் ஒரே மல்டிஸ்விட்ச்சில் கூடும்போது மூன்று வீடுகளின் வெளியுறைகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு தளத்தில் ஒரு கருவி உண்மையிலேயே பழுதாகிக் கசிந்தால், அது மற்றத் தளங்களில் கேபிளைத் தொடுபவரையும் வந்தடையும். ஆகவே கேபிள்கள் கூடும் கருவியின் உலோக உடலையும் டிஷ்ஷின் கம்பத்தையும் வீட்டின் எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். கனெக்டரில் கை வைக்கும் முன் எல்லாத் தளங்களின் பெட்டிகளையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். செலவு சில நூறு ரூபாய். அதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒரே பெயரில் ஒரே வீட்டில் எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது இணைப்புகளுக்கு நெட்வொர்க் கட்டணத்தில் (கட்டணச் சேனல்களின் விலை நீங்கலாக, இணைப்புக்கென்று வாங்கும் மாதக் கட்டணத்தில்) 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஜனவரியில் வகுத்தது. 2024இல் அக்கட்டணத்துக்கான உச்சவரம்பு விலக்கப்பட்டு நிறுவனங்களின் முடிவுக்கு விடப்பட்டுவிட்டதால், மல்டி டிவி இணைப்புக்கு என்ன வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. அங்கே தளத்துக்கொரு பெட்டி வாங்குவது மட்டுமே செலவு. வாடகைக்காரருக்கு டிஷ்ஷின் ஒரு வெளியீட்டைக் கொடுத்து அவர் தம் பெயரில் தம் பெட்டியை வைத்துக்கொள்வது ஒன்று. நம் பெட்டியின் படத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு ஓட்டுவது முற்றிலும் வேறு. பின்னது 1995ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டிய தொழிலாகிவிடும்.

கொளத்தூரிலும் மாதவரத்திலும் புதிதாக மாடி எழுப்புபவர்கள் பூச்சுக்கு முன்பே ஒரு காரியம் செய்துகொள்ளலாம்: ஒவ்வொரு தளத்தின் கூடத்திலிருந்தும் மாடிப்படி உச்சிக்கு ஓர் அங்குல பைப் ஒன்றை நேராக விட்டு, அதில் இரண்டு ஆர்.ஜி. 6 கேபிள்களையும் ஓர் இன்டர்நெட் கேபிளையும், பின்னாளில் இழுப்பதற்கு ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வைக்க வேண்டும். தளத்திலிருந்து தளத்துக்குச் சங்கிலித் தொடராக விடவே கூடாது.